எழுபது ஆண்டு உழைக்க வேண்டிய கண்
இளம் வயதுக் கிளாக்கோமாவும் கண்ணைத் துளைக்காத அறுவை சிகிச்சையும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு தமிழில் இருக்க வேண்டும், மருத்துவம் படிக்காதவருக்கும் விளங்க வேண்டும் என்று அறக்கட்டளைப் பத்திரத்திலேயே எழுதியிருப்பதாகச் செயலாளர் சொன்னார். அந்த நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நான் இன்று பேச எடுத்துக்கொண்ட அறுவை சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்துப் போடுபவர்கள் கைக்குழந்தையின் தாய், பிளஸ் டூ படிக்கும் பையனின் தகப்பனார், முதல் வேலையில் சேர்ந்து சில மாதங்களே ஆன ஒரு பெண். எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிளாக்கோமா என்றால் வயதானவர்களின் நோய் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பெரும்பான்மை நோயாளிகளைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் அறுபத்தைந்து வயதில் ஒருவருக்கு அறுவை செய்து அது இருபது ஆண்டு தாங்கினால், அவர் ஆயுளுக்கும் பார்வையோடு இருந்துவிடுவார். ஆறு வயதில் அறுவை கண்ட குழந்தைக்கு அந்தக் கண் இன்னும் எழுபது ஆண்டு உழைக்க வேண்டும். எங்கள் துறையில் அறுவையின் பலனைப் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு முடிவில் அழுத்தம் எவ்வளவு என்ற எண்ணைக் கொண்டு எழுதுகிறோம். அந்த அளவுகோல் இளம் நோயாளிக்குப் போதாது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. கண்ணின் உள்ளறையைத் திறக்காமல் செய்யும் அறுவைகளின் பலனைப் பேசும்போது இந்தக் குறை பளிச்சென்று தெரிகிறது.

முதலில் கண்ணுக்குள் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். கருவிழிக்கும் விழி வில்லைக்கும் நடுவே தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரந்துகொண்டிருக்கிறது. அழும்போது வழியும் கண்ணீர் வேறு, இது வேறு. நிமிடத்துக்குச் சுமார் 2.5 மைக்ரோலிட்டர் சுரக்கிறது. முன்னறையின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 250 மைக்ரோலிட்டர். ஆக, நூறு நிமிடத்துக்கு ஒருமுறை அறை நீர் முழுதும் புதிதாகிறது. கருவிழியும் வெள்ளை விழியும் கூடும் விளிம்பின் உட்புறத்தில் ஒரு வலைத்திசு உண்டு. நீர் அதன் வழியே கசிந்து, அடுத்திருக்கும் ஷ்லெம் கால்வாயில் சேர்ந்து, அங்கிருந்து நுண்குழாய்கள் வழியாக இரத்தத்தில் கலக்கிறது. சுரப்பது குறையாமல் வடிகால் மட்டும் தடைபட்டால் கண்ணின் அழுத்தம் ஏறுகிறது, பார்வை நரம்பு நசிகிறது. இயல்பான அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம். தடை எங்கே இருக்கிறது என்பதை அமெரிக்க மருத்துவர் மார்ட்டன் கிராண்ட் 1963இல் சோதித்துக் காட்டினார். இறந்தவர்களிடமிருந்து எடுத்த கண்களில் அந்த வலைத்திசுவை வெட்டிவிட்டபோது தடையில் சுமார் முக்கால் பங்கு நீங்கிவிட்டது. பின்னால் வந்தவர்கள் இடத்தை இன்னும் குறுக்கி, ஷ்லெம் கால்வாயின் உட்சுவரும் அதை ஒட்டிய மெல்லிய அடுக்கும்தான் முக்கியமான தடை என்று கண்டார்கள். இன்றைய பேச்சு முழுவதும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த இடத்தைச் சுற்றித்தான்.

இளம் வயதில் இந்த நோய் ஒரே வடிவில் வருவதில்லை. பிறவியிலேயே வலைத்திசு சரியாக உருவாகாத குழந்தைகள் ஒரு வகை. மேலை நாடுகளில் பத்தாயிரம் பிறப்புக்கு ஒன்று என்று சொல்லப்படும் இது, ஆந்திரத்தில் நடந்த ஆய்வில் 3,300 பிறப்புக்கு ஒன்று என்று தெரியவந்தது. சவுதி அரேபியாவில் 2,500க்கு ஒன்று. 1997இல் கண்டறியப்பட்ட சிஒய்பி1பி1 என்ற மரபணுக் கோளாறு இதற்குப் பெரிய காரணம். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒவ்வொரு பழுதுற்ற பிரதி வந்தால்தான் நோய் வரும். அக்காள் மகள், மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம் குடும்பங்களில் அப்படி இரண்டு பிரதிகளும் கூடிவிடும் வாய்ப்பு அதிகம். இதைச் சொல்வது யாரையும் குறைகூற அல்ல. முதல் குழந்தைக்கு நோய் இருந்தால் அடுத்த குழந்தையைப் பிறந்த வாரமே காட்ட வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

"கண்ணு பெருசா அழகா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க, டாக்டரம்மா. வெயில்ல தூக்கிட்டு வந்தா மட்டும் முகத்தை என் தோள்லயே புதைச்சுக்குவான்." இதைச் சிற்சில சொல் மாற்றத்தோடு எத்தனையோ தாய்மாரிடம் கேட்டிருக்கிறேன். கைக்குழந்தையின் கண் சுவர் இளகியது. உள்ளே அழுத்தம் ஏறினால் கண் பெரிதாகிறது. முதல் வயதுக்குள் கருவிழியின் குறுக்களவு 12 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஐயப்பட வேண்டும். வெளிச்சம் கண்டால் கூசுவது, நீர் வடிவது, இமையை இறுக்கி மூடிக்கொள்வது, இந்த மூன்றும் சேர்ந்தால் பெரிய கண் அழகுக் கண்ணாக இருக்க முடியாது.

இரண்டாம் வகையினர் பள்ளி, கல்லூரிப் பருவத்தவர். கண் பெரிதாவதில்லை, வலிப்பதில்லை. கண்ணாடி மாற்றப் போன இடத்தில் அழுத்தம் 40 என்று தெரியவரும். இவர்களில் ஒரு பகுதியினரின் குடும்பங்களில் மையோசிலின் என்ற மரபணுவில் கோளாறு இருப்பதும் 1997இல்தான் கண்டறியப்பட்டது. இது ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும். அப்பா, சித்தப்பா, பாட்டி என்று வரிசையாகக் கண்ணிழந்த குடும்பங்கள் உண்டு.

மூன்றாம் வகை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நாமே வரவழைத்துக் கொடுப்பது. கோடையில் கண் அரித்துச் சிவக்கும் ஒவ்வாமை நோய் வெப்ப நாடுகளில், ஆண் பிள்ளைகளிடம் அதிகம். அதற்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்து உடனே கேட்கும். "மெடிக்கல்ல கேட்டு வாங்கினதுதாங்க மேடம், போட்டா அரிப்பு அப்பவே நின்னுடும்" என்று அந்தச் சின்னப் புட்டியை எடுத்து மேசைமேல் வைக்கும் பையனுக்குப் பதினைந்து வயது இருக்கும். அதை இரண்டு ஆண்டாகப் போட்டிருப்பான். பார்வை நரம்பின் நடுக்குழி விளிம்புவரை அரித்திருக்கும். மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டும் கண்காணிப்பு இல்லாமல் தொடர்ந்தால் இதே முடிவுதான். இந்த ஒன்றைத் தடுக்க அறுவை அறையே தேவையில்லை. சீட்டு இல்லாமல் அந்தப் புட்டி கைமாறக் கூடாது, அவ்வளவுதான். இதை எந்த மேடையில் ஏறினாலும் சொல்கிறேன், இங்கும் சொல்லிவிட்டேன்.

கண்ணுக்குள் அழற்சி உள்ள பிள்ளைகள், முகத்தில் சிவந்த மச்சத்தோடு பிறக்கும் ஸ்டர்ஜ் வெபர் நோயாளிகள் என இன்னும் வகைகள் உண்டு. அவற்றை வேண்டிய இடத்தில் தொடுகிறேன்.

சொட்டு மருந்தில் அழுத்தம் அடங்காதபோது உலகெங்கும் அதிகம் செய்யப்படும் அறுவை டிரபெக்குலெக்டமி. கேம்பிரிட்ஜில் இருந்த கெய்ன்ஸ் 1968இல் இதை விவரித்தார். வெள்ளை விழியில் பாதிக் கனத்துக்கு ஒரு மூடியை உயர்த்தி, அதன் கீழே கண்ணுக்குள் ஒரு துளை இட்டு, மூடியைத் தளர்வாகத் தைத்துவிடுவார்கள். நீர் அந்தத் துளை வழியே வெளிவந்து, விழியைப் போர்த்திய மெல்லிய சவ்வின் கீழே ஒரு கொப்புளமாகத் தேங்கி, மெல்ல உறிஞ்சப்படும். அரை நூற்றாண்டுக்கும் மேலாக எண்ணற்ற கண்களைக் காத்த அறுவை இது. நானும் இதைச் செய்கிறேன், இனியும் செய்வேன்.

ஆனால் இளம் கண்ணில் இதற்கு இரண்டு பக்கமும் சிக்கல். இளம் உடல் புண்ணை வேகமாக ஆற்றிவிடும். முழங்காலில் பட்ட காயத்துக்கு அது நல்லது. திறந்தே இருக்க வேண்டிய வடிகாலுக்கு அது கேடு. சவ்வின் கீழுள்ள திசு சிறுவர்களுக்குத் தடிமனானது, தழும்பு உண்டாக்கும் செல்கள் நிறைந்தது. சில மாதங்களில் வழி அடைபடுகிறது. அதைத் தடுக்க மைட்டோமைசின் என்ற மருந்தை அறுவையின்போது தடவுகிறோம். தழும்பு குறைகிறது, ஆனால் கொப்புளத்தின் சுவர் ஆண்டுகள் போகப்போக மெலிந்து வெளுத்துவிடுகிறது. மெலிந்த சுவர் வழியாகக் கிருமி உள்ளே போனால் ஓரிரு நாளில் கண் போய்விடும். ஜப்பானில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வில், மைட்டோமைசினோடு அறுவை கண்டவர்களில் ஐந்தாண்டுக்குள் கொப்புளம் சார்ந்த தொற்று வந்தவர்கள் 2.2 சதவீதம். சிறிய எண்ணாகத்தான் தெரியும். அது ஐந்தாண்டுக் கணக்கு என்பதை மறக்கக் கூடாது. எழுபது வயதுக்காரருக்கும் ஏழு வயதுக் குழந்தைக்கும் அந்த எண்ணின் பொருள் ஒன்றாகாது. குழந்தைக்கு அந்த ஆபத்து ஒவ்வோர் ஆண்டும் தொடர்ந்து கூடிக்கொண்டே போகும்.

மறுபக்கம், நீர் அளவுக்கு மீறி வடிந்துவிட்டால் அழுத்தம் ஐந்துக்கும் கீழே விழுந்து விழித்திரையின் நடுப்பகுதி மடிந்து சுருங்கும், பார்வை மங்கும். இதற்கு அதிகம் ஆளாகிறவர்கள் இளைஞர்கள், ஆண்கள், கிட்டப்பார்வை உள்ளவர்கள். ஸ்டர்ஜ் வெபர் பிள்ளைகளுக்கோ கண்ணின் பின்புறத்தில் இரத்த நாளக் கட்டி இருக்கலாம். அழுத்தம் திடீரென்று விழுந்தால் மேசையிலேயே இரத்தக் கசிவு வரக்கூடும்.

துளை போடாமல் நீரை வெளிக்கொணர முடியுமா என்ற கேள்வி அப்படித்தான் முக்கியத்துவம் பெற்றது. கெய்ன்ஸ் எழுதிய அதே 1968இல் மாஸ்கோவின் மிகயீல் கிராஸ்னோவ் ஷ்லெம் கால்வாயின் வெளிச்சுவரை மட்டும் நீக்கி, கண்ணுக்குள் நுழையாமலே அழுத்தம் குறைப்பதைப் பற்றி எழுதினார். உட்சுவரின் தடை அப்படியே இருந்ததால் எல்லாக் கண்ணிலும் அது பலன் தரவில்லை. 1980களின் கடைசியில் அதே மாஸ்கோவில் ஃபியோதரவும் கஸ்லோவும் ஆழப் பகுதியை வெட்டி எடுத்து, அந்த வெற்றிடம் மூடிக்கொள்ளாமல் கொலாஜன் துண்டு ஒன்றை வைத்தார்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஆந்த்ரே மெர்மூ அதைச் செம்மைப்படுத்திப் பலருக்குக் கற்பித்தார். தென்னாப்பிரிக்காவில் ராபர்ட் ஸ்டெக்மன் வேறு வழி கண்டார்: கால்வாயின் வெட்டுவாய்களில் கொழகொழப்பான ஹையலூரோனேட் களிம்பைச் செலுத்தி விரித்தார். அவர் 1999இல் கறுப்பின நோயாளிகளின் 214 கண்களைப் பற்றி எழுதினார். தழும்பு மிகுதியால் டிரபெக்குலெக்டமி அதிகம் தோற்கும் மக்கள் அவர்கள். சராசரி மூன்றாண்டுத் தொடர்கண்காணிப்பில் 82.7 சதவீதக் கண்களில் மருந்தே இல்லாமல் அழுத்தம் 22க்குள் நின்றது என்றார். பிறருக்கு அந்த அளவு பலன் எளிதில் கிட்டவில்லை.

மெர்மூ கற்பித்த அந்த ஆழ அறுவையையும் கொஞ்சம் அருகே சென்று பார்ப்போம், ஏனென்றால் அதன் பலனும் தோல்வியும் கையின் நிதானத்தில் இருக்கின்றன. மேல் சவ்வை விலக்கியதும் வெள்ளை விழியில் ஐந்துக்கு ஐந்து மில்லிமீட்டர் அளவில், மூன்றில் ஒரு பங்கு கனத்துக்கு முதல் மூடி. அதன் கீழே நான்குக்கு நான்கில் இரண்டாவது மூடி, இதுதான் ஆழமானது. சரியான ஆழத்தை நிறம் சொல்லும். வெள்ளைக்கு அடியில் கருநீலம் மங்கலாகத் தெரியத் தொடங்கினால், மிச்சம் இருப்பது கனத்தில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. இன்னும் ஒரு மயிரிழை இறங்கினால் கோராய்டு என்ற அந்தக் கருநீல அடுக்கே வந்துவிடும். ஒரு மயிரிழை மேலே போனால் கால்வாய் அகப்படாது. குறுக்கும் நெடுக்கும் ஓடும் நார்கள், விளிம்பை நெருங்கும்போது ஒழுங்காக ஒரே போக்கில் வளைந்து படியும். அதைத் தாண்டினால் கால்வாயின் கூரை திறந்துகொள்ளும். அங்கிருந்து கருவிழிப் பக்கமாக ஒரு மில்லிமீட்டர் முன்னேறினால் மிஞ்சுவது ஒளி ஊடுருவும் ஒரு படலம் மட்டும். அந்தப் படலத்துக்கு அப்பால் கண்ணின் உள்ளறை. இதன்பின் நுண்ணிய இடுக்கியால் கால்வாயின் உட்சுவரை நூலாக உரித்தெடுக்க வேண்டும். உரிந்ததும் புது மண்பானையின் புறத்தில் நீர் பொடிப்பதைப் போல் படலம் முழுவதும் கசியத் தொடங்கும். பஞ்சால் ஒற்றி எடுத்தால் மீண்டும் பொடிக்கும். அப்படிப் பொடித்தால்தான் அறுவை நடந்திருக்கிறது.

படலம் கிழிந்துவிட்டால் அந்த இடத்திலேயே டிரபெக்குலெக்டமியாக மாற்ற வேண்டியதுதான். கற்றுக்கொள்ளும் காலத்தில் இப்படி அடிக்கடி நேரும். கற்றுத் தேர்ந்தவர் கையிலும் சில கண்களில் நேரும். நோயாளியிடம் முன்கூட்டியே இதைச் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

பெரியவர்களில் பலன் எப்படி? லோசான் குழுவினர் 2004இல் 105 கண்களின் நீண்ட காலக் கணக்கை வெளியிட்டார்கள். அறுவைக்கு முன் சராசரி 26.8 ஆக இருந்த அழுத்தம், ஆறரை ஆண்டு கழித்து 11.8 ஆக நின்றது. எட்டாம் ஆண்டில் மருந்து துணையோடோ இல்லாமலோ கட்டுப்பட்டவை 91 சதவீதம். மருந்தே இல்லாமல் கட்டுப்பட்டவை 57 சதவீதம். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை எந்தக் கட்டுரையைப் படித்தாலும் முதலில் பாருங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்வேன். மூன்றாவதாக இன்னோர் எண் அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது, பேச்சில்தான் அது காணாமல் போய்விடுகிறது: பாதிக் கண்களுக்குப் பின்னால் யாக் லேசர் தேவைப்பட்டது. கசிவு குறையும்போது அந்த மெல்லிய படலத்தில் லேசரால் நுண்துளை இடுகிறோம். அதாவது, துளைக்காத அறுவை என்று தொடங்கியது பாதிப் பேருக்குச் சில மாதமோ சில ஆண்டோ கழித்து ஒரு நுண்துளையில் வந்து முடிகிறது. இதைத் தோல்வி என்று நான் கருதவில்லை. கண் ஆறி, மூடி பதிந்த பிறகு துளை விழுவதால் அழுத்தம் சட்டென்று சரிவதில்லை. இரண்டு கட்டமாகச் செய்வதே இதன் பாதுகாப்பு. ஆனால் லேசரைக் கணக்கில் காட்டாமல் பலனைப் பேசுவது நேர்மையல்ல.

இரண்டு வகை அறுவையையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் காக்ரேன் மதிப்பாய்வு ஒன்று வந்தது. தகுதியான ஆய்வுகள் ஐந்துதான். மொத்தம் 311 கண்கள். மருந்தில்லாமல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதில் டிரபெக்குலெக்டமி சற்று மேல் என்று தோன்றுகிறது, சான்று வலுவானதாக இல்லை என்பது அதன் சாரம். சிக்கல்கள் துளைக்காத அறுவையில் குறைவு என்பதில் பொதுவாகக் கருத்து வேறுபாடு இல்லை. ஓரிரு மில்லிமீட்டர் அழுத்தத்தை விட்டுக்கொடுத்து அதற்கு ஈடாகப் பாதுகாப்பை வாங்குகிறோம். பார்வை நரம்பு ஏறக்குறைய முழுதும் அழிந்து, அழுத்தம் பத்துக்குக் கீழே வந்தே தீர வேண்டிய முதியவருக்கு இந்தப் பேரம் பெரும்பாலும் கட்டாது. நரம்பு இன்னும் நன்றாக இருக்கும், வாழ்நாள் முழுவதும் மீதமுள்ள இளைஞருக்குக் கட்டும். என் தீர்ப்பு இதுதான், ஆனால் "இளைஞர்" என்பதற்குள் கைக்குழந்தையைச் சேர்க்கக் கூடாது.

கைக்குழந்தையின் கதை வேறு. கண் விரிந்ததால் விளிம்பு இழுபட்டு, அடையாளங்கள் எல்லாம் இடம் மாறியிருக்கும். வெள்ளை விழி மெலிந்திருக்கும். அதில் இரண்டு மூடி உயர்த்தக் கனமே இராது. ஷ்லெம் கால்வாய் சில கண்களில் தேடியும் கிடைக்காது. ஜெர்மனியின் கொலோன் நகர மருத்துவர்கள், ஏற்கெனவே அறுவை கண்டும் அடங்காத பிறவிக் கிளாக்கோமாவில் ஆழ அறுவையைச் செய்து பார்த்து, 2002இல் அதன் ஆபத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருந்தது. லோசான் குழுவினர் குழந்தைகளுக்கு ஆழ அறுவையோடு டிரபெக்குலெக்டமியையும் சேர்த்துச் செய்து 2009இல் பலனை வெளியிட்டார்கள். வெறும் கசிவை மட்டும் நம்பாமல் கண்ணுக்குள் துளையும் இட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பிறவிக் கிளாக்கோமா மிகுந்த சவுதி அரேபியாவிலிருந்து 2014இல் வந்த கட்டுரை நம்பிக்கையோடு பேசுகிறது. ஆண்டுக்கு ஏராளமான குழந்தைகளுக்கு இதையே செய்யும் கைகள் அவை. அந்தப் பலனை, ஆண்டுக்கு நான்கைந்து குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவமனை தனக்கும் வரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொரு தடையைக் கட்டுரைகள் அதிகம் பேசுவதில்லை. யாக் லேசர் செய்ய நோயாளி கருவிமுன் தாடையை ஊன்றி, அசையாமல் உட்கார வேண்டும். ஒன்றரை வயதுக் குழந்தை உட்காருமா? பாதிப் பேருக்கு இரண்டாம் கட்டம் தேவைப்படும் அறுவையை, அந்த இரண்டாம் கட்டத்தைச் செய்ய முடியாத வயதில் தொடங்கினால், நாம் செய்வது பாதி அறுவை. அதனால்தான் கைக்குழந்தைக்கு முதல் அறுவை வடிகாலையே திறந்துவிடும் கோனியோட்டமியாகவோ டிரபெக்குலோட்டமியாகவோ இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அமெரிக்காவில் ஆட்டோ பார்க்கன் 1940களில் கோனியோட்டமியைக் குழந்தைகளுக்குச் செய்துகாட்டும்வரை இந்நோய் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் குருடானார்கள். மூன்று மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் வரும் குழந்தைகளில் இவை பத்தில் எட்டுப் பேருக்குப் பலன் தருகின்றன. கருவிழி வெளுத்துப் போய் உள்ளே எதுவும் தெரியாத நிலையில்தான் நம்மிடம் பல குழந்தைகள் வருகிறார்கள்; அவர்களுக்கு டிரபெக்குலோட்டமியையும் டிரபெக்குலெக்டமியையும் ஒன்றாகச் செய்யும் முறையை ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் அனில் மண்டல் பல ஆண்டு செய்து, அதன் பலனை உலகுக்கு எழுதிக் காட்டினார். நம் நாட்டுக் குழந்தைக்கு அதுவே ஏற்ற வழிகாட்டி.

குழந்தைக்குப் பலனை அளப்பதும் வேறு. மயக்க மருந்து கொடுத்துத்தான் அழுத்தம் பார்க்கிறோம். மயக்க வாயுக்கள் பெரும்பாலும் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். அதனால் அந்த ஓர் எண்ணை நம்பி வீட்டுக்கு அனுப்ப முடியாது. கருவிழியின் குறுக்களவு, கண்ணின் நீளம், நரம்பின் குழி மூன்றையும் ஒவ்வொரு முறையும் எழுதி, முந்தையதோடு வைத்துப் பார்க்க வேண்டும். வயதுக்கு மீறிக் கண் நீண்டுகொண்டே போனால், அழுத்தம் 14 என்று கருவி சொன்னாலும் நோய் அடங்கவில்லை. அதற்கு மாறாகக் குழந்தைகளில் ஒரு நல்ல காட்சி உண்டு: அழுத்தம் உண்மையாகவே இறங்கினால், பெரிதாகியிருந்த நரம்புக் குழி மீண்டும் சிறுத்துவிடும். பெரியவர்களிடம் இதை அவ்வளவாக எதிர்பார்க்க முடியாது. அழுத்தம் அடங்கிய பின்னும் கண்ணாடியும், நல்ல கண்ணை மூடிச் சோம்பல் கண்ணைப் பழக்கும் பயிற்சியும் இல்லையென்றால் பார்வை வராது. அறுவையில் வென்று பார்வையில் தோற்ற கண்கள் நிறைய உண்டு.

துளைக்காத அறுவை தன் முழுத் தகுதியோடு நிற்கும் இடம் பள்ளிப் பருவத்திலிருந்து நாற்பது வயதுவரை. இளம்பருவத் திறந்தகோணக் கிளாக்கோமா, ஸ்டீராய்டால் வந்த கிளாக்கோமா, அழற்சி அடங்கிய கண், எச்சரிக்கையோடு ஸ்டர்ஜ் வெபர். இவர்களுக்குக் கால்வாய் கிடைக்கும், விழிச்சுவர் கனமாக இருக்கும், லேசர்முன் உட்காருவார்கள். ஸ்டீராய்டு நோயாளிக்குத் தடை வலைத்திசுவிலேயே இருப்பதால், அதை உரித்துவிடும் இந்த அறுவை நோயின் மூலத்தையே தொடுகிறது. கொப்புளம் உண்டானாலும் பெரும்பாலும் தாழ்ந்து பரந்து இருக்கும். கிட்டப்பார்வைக்காரரின் விழித்திரை மடிவது அரிது. மறுவாரமே வகுப்புக்குப் போகலாம்.

ஆனால் இந்தப் பருவத்துக்கென்று தனி ஆபத்து ஒன்று உண்டு. அந்தப் படலம் தாளைவிட மெலிது. கண்ணைக் கசக்கினாலோ, விளையாட்டில் பந்து பட்டாலோ அது கிழிந்து, கண்ணின் பாவையைச் சுற்றியுள்ள கருந்திரை அந்த வாயில் வந்து அடைத்துக்கொள்ளும். அழுத்தம் ஒரே இரவில் ஏறிவிடும். லேசர் துளைக்குப் பின்னும் இப்படி நேரலாம். முன்னே சொன்ன ஒவ்வாமைக்காரப் பையனைப் பாருங்கள்: அறுவை ஏற்றது, ஆனால் அரிப்பு நிற்காமல் அறுவை செய்தால் அவன் கசக்கியே அதைக் கெடுத்துவிடுவான். முதலில் அரிப்பை ஸ்டீராய்டு இல்லாத மருந்துகளால் அடக்க வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும். அவசரப்படும் பெற்றோரிடம் இதை எடுத்துச் சொல்வது எனக்கு அறுவையைவிடக் கடினமான வேலை.

இப்போது இன்னொரு வழியும் பக்கத்தில் வந்து நிற்கிறது. வெள்ளை விழியையே வெட்டாமல், கருவிழி ஓரத்தில் சிறு துளை வழியே உள்ளே போய், ஷ்லெம் கால்வாயில் ஒரு நூலைச் சுற்றுமுழுதும் ஓட்டி இழுத்து, உட்சுவரை 360 பாகையும் திறந்துவிடும் முறை; 2014இல் அமெரிக்காவில் விவரிக்கப்பட்டது. இதற்குச் சாதாரணப் புரோலின் தையல் நூலே போதும் என்பதால் நம் ஊரில் வேகமாகப் பரவுகிறது. இளம்பருவ நோயாளிகளில் பலன் நன்றாக இருக்கிறது, மேல் சவ்வு தொடப்படாமல் இருப்பதால் நாளை வேறு அறுவை தேவைப்பட்டாலும் இடம் மிஞ்சுகிறது. உள்ளறையில் சில நாள் இரத்தம் தேங்கும், அது கரைந்துவிடும். பல இளைஞர்களுக்கு நான் இப்போது இதையே முதலில் எண்ணிப் பார்க்கிறேன். ஆழ அறுவை அதற்கு அடுத்த படி. டிரபெக்குலெக்டமி அதற்கும் அடுத்தது. எழுபது ஆண்டுக்கு ஒரே அறுவை தாங்காது என்று ஒப்புக்கொண்டால், எதை முன்னால் செய்வது, எதற்கு இடம் விட்டுவைப்பது என்ற வரிசைதான் முக்கியமாகிறது. விழியின் மேற்பகுதி முழுவதையும் முதல் அறுவையிலேயே தழும்பாக்கிவிட்டால், இருபது ஆண்டு கழித்து வரும் மருத்துவருக்கு வேலை செய்ய இடமே இராது.

அந்த இருபது ஆண்டு கழித்து வரும் மருத்துவரைப் பற்றி ஒரு சொல். அறுவை கண்ட சிறுவன் படிப்புக்கோ வேலைக்கோ வேறு ஊர் போய்விடுவான். அங்கே கண் சிவந்தோ அழுத்தம் ஏறியோ ஒரு மருத்துவர்முன் உட்காரும்போது, அவன் கையில் இருக்கும் தாளில் பல நேரம் "கிளாக்கோமா ஆபரேஷன் செய்யப்பட்டது" என்று ஒரே வரிதான் இருக்கிறது. துளைத்ததா, துளைக்காததா, நடுவில் மாற்ற நேர்ந்ததா, மைட்டோமைசின் தடவினார்களா, எவ்வளவு நேரம், லேசர் எந்த மாதம், கடைசியாக அளந்த கண் நீளம் எவ்வளவு, எதுவும் இராது. பெற்றோர்களே, அறுவை முடிந்து வீடு திரும்பும் நாளில் இந்த விவரம் அத்தனையும் எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள், போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இளம் மருத்துவர்களே, அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளின் இன்னொரு பிரதி உங்கள் மருத்துவமனையில் இருந்தால், பத்தாம் ஆண்டில் அந்தப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நம் ஊர்க் கண்களில் இந்த அறுவை எத்தனை ஆண்டு தாங்குகிறது என்று நாமே எழுத முடியும். அந்தப் பட்டியலில் வயது, நோயின் வகை, லேசர், மறு அறுவை, கடைசிப் பார்வை என்று ஐந்து கட்டங்கள் இருந்தாலே தொடங்கிவிடலாம். வரும் மாதத்திலிருந்து தொடங்க விரும்பும் மருத்துவமனை எதுவானாலும் அதை வடிவமைக்க நான் உடனிருந்து உதவத் தயார்.